அடிபட்ட மயில், விழுந்த கூகைக் குஞ்சு: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, இந்த நாலு மாவட்டத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் அடிபட்ட பறவையை எடுத்துக்கொண்டு போகத் தன்னார்வ ஆட்கள் இருக்கிறார்கள், நம் பக்கத்துக் கிராமங்களில் அப்படி யாரும் சட்டென்று கிடைக்க மாட்டார்கள். கால் ஒடிந்த ஒரு பெண் மயிலை வைத்துக்கொண்டு நான் அலைந்தபோது, ஓரிடத்தில் வனத்துறை லெட்டர் இல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள், இன்னோர் இடத்தில் முதலில் வைத்தியம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள், அப்புறம் அந்த ஊர் எங்கள் சரகமே இல்லை என்றார்கள். ஆளாளுக்கு ஒரு விதி இருக்கிறது, சரி. நடுவில் நிற்கிறவருக்கு யாரை முதலில் கூப்பிடுவது, எந்தத் தாளை முதலில் வாங்குவது என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வேலை முதல் சில மணி நேரம்தான். அதற்கு மேல் வைத்து வளர்ப்பதும், குணமாக்கித் திரும்ப விடுவதும் சட்டப்படி வனத்துறை செய்ய வேண்டியது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

1. தூக்குவதற்கு முன் தள்ளி நின்று பாருங்கள்

தாயில்லாக் குட்டி என்று நாம் எடுத்துக்கொண்டு வருவதில் நிறைய குட்டிகளுக்குத் தாய் பக்கத்திலேயே இருக்கும். நாம் நிற்பதால்தான் அது வராமல் இருக்கும்.

தென்னையில் மட்டை கழிக்கும்போது அணில் கூடு கீழே விழுவது வாடிக்கை. குட்டிக்கு அடிபடவில்லை, உடம்பு சூடாக இருக்கிறது என்றால், அந்தக் கூட்டு நாரோடேயே சின்ன அட்டைப் பெட்டியில் வைத்து, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு எல்லாரும் விலகிவிடுங்கள். தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். பொழுது சாயும்வரை பொறுக்கலாம். அதற்கு மேல் வராது, அணிலுக்கு இரவில் நடமாட்டம் இல்லை.

பறவைக் குஞ்சில் இரண்டு வகை உண்டு. இறகே முளைக்காமல் கண் மூடிக் கிடந்தால் கூட்டைத் தேடி அதில் வையுங்கள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு பறக்கப் பழகுகிறது, அதைத் தூக்கவே கூடாது. ரோட்டில் இருந்தால் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டால் போதும். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள், அது உண்மை இல்லை. தயங்காமல் கூட்டில் வைக்கலாம்.

கூகை நம் பக்கம் கோயில் கோபுரத்திலும், மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லிலும், பழைய ஓட்டு வீட்டுப் பரணிலும் குஞ்சு பொரிக்கும். வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று தரையில் உட்கார்ந்து புஸ் புஸ் என்று சீறினால் அது கூகைக் குஞ்சு. சாக்குருவி என்று பயந்து கல்லெடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை முதலில் அப்புறப்படுத்துங்கள். வயலில் எலியைத் தின்று நமக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற பறவை அது. அடிபடவில்லை என்றால் பொந்துக்குப் பக்கத்தில் மேலே ஏற்றி வையுங்கள், தாய் தகப்பன் இரவில் வந்து தீனி கொடுக்கும்.

கரும்பு வெட்டும்போதும் நெல் அறுப்பு மிஷின் இறங்கும்போதும் காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைக்கும். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாடியதிலிருந்து, குட்டி எது கிடைத்தாலும் சிறுத்தைக் குட்டி என்று வாட்ஸ்அப்பில் ஓட விடுகிறார்கள். சிறுத்தைக் குட்டி என்றால் உடம்பு முழுக்கப் புள்ளி இருக்கும். மண் நிறத்தில், காலிலும் வாலிலும் மங்கலான பட்டையோடு இருந்தால் பெரும்பாலும் காட்டுப்பூனைதான். அந்த மூலையில் மட்டும் அறுப்பை நிறுத்திவிட்டு, குட்டிகளை அங்கேயே வரப்போரம் நிழலில் விட்டுவிட்டு வந்தால் தாய் இரவில் இடம் மாற்றிவிடும். மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், ஆனாலும் சொல்லிப் பாருங்கள். முயல் குட்டியும் இப்படித்தான். தாய் ஒரு நாளில் மிகக் கொஞ்ச நேரமே வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும், பகலெல்லாம் குட்டி தனியாகத்தான் கிடக்கும்.

அப்படியானால் எப்போது கை வைக்க வேண்டும்? ரத்தம் ஒழுகினால், றெக்கை தொங்கினால், ஈ மொய்த்தால், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தால். பூனை வாயிலிருந்து பிடுங்கியது என்றால் வெளியே காயமே தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போயாக வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி சின்னப் பல்குறி வழியாக உள்ளே போனாலே ஓரிரு நாளில் பறவை செத்துவிடும்.

2. யாருக்குப் போன் செய்வது

உங்கள் ஊர் எந்த வனச்சரகத்தில் வருகிறது என்பதை இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா எல்லையும் சரக எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மாவட்ட வன அலுவலகத்துக்குப் பகல் நேரத்தில் போன் போட்டு ஊர்ப் பெயரைச் சொன்னால் வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர் மூன்று பேர் நம்பரும் கிடைக்கும். இதில் வனக்காப்பாளர் நம்பர்தான் தங்கம். அவர்தான் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் வரப்போகிறவர்.

வீட்டுக்குள் பாம்பு, கிணற்றில் விழுந்த நரி, மரத்தில் நூலில் தொங்கும் பறவை: இதற்கெல்லாம் தீயணைப்புத் துறை, 101. காசு கிடையாது. 101 கிடைக்காவிட்டால் 112.

மின்கம்பியில் அடிபட்ட குரங்கு, பழந்தின்னி வௌவால், மயில் என்றால் கம்பைக் கொண்டு தள்ளிப் பார்க்கிற வேலையே வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, அல்லது உங்கள் ஊர் லைன்மேன். கரண்டை நிறுத்திய பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். செத்த தாய் வௌவாலின் வயிற்றில் குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு, அதை வெறும் கையால் எடுக்கக் கூடாது.

1962 என்பது ஆடு மாட்டுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி. காட்டு விலங்குக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் எந்த மருத்துவர் இருக்கிறார் என்று கேட்க உதவும்.

கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலை கரையேறிக் கிடந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆட்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்வது.

3. பெட்டி, இருட்டு, அமைதி

அட்டைப் பெட்டி, பழைய பருத்தித் துணி, துண்டு, கோணிச் சாக்கு. இவ்வளவுதான் சாமான். பெட்டியில் விலங்கை வைப்பதற்கு முன்னாலேயே ஓட்டை போட்டுவிடுங்கள். உள்ளே வைத்த பிறகு கத்தரிக்கோலால் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பிக் கூண்டு வேண்டாம், றெக்கையை அடித்துக்கொண்டு இன்னும் காயமாக்கிக்கொள்ளும்.

பின்பக்கமாகப் போய்த் துண்டைத் தலையோடு சேர்த்துப் போட்டு மூடினாலே முக்கால்வாசிப் பறவைகள் அடங்கிவிடும். கூகைக்கும் ஆந்தைக்கும் அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்து, காலைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கொக்கு, நாரை, மடையான் இதெல்லாம் நேராக நம் கண்ணைப் பார்த்துக் கொத்தும். கழுத்தைத் தலைக்குக் கீழே லேசாகப் பிடித்து, முகத்திலிருந்து எட்ட வைத்துக்கொள்ளுங்கள். அலகைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடாதீர்கள்.

பெட்டியை மூடி, டிவி ஓடாத, நாய் வராத, பிள்ளைகள் எட்டிப் பார்க்காத அறையில் வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவே கூடாது. மான், முயல் போன்றவை காயத்தைவிடப் பயத்தாலேயே செத்துப்போகும், தடவிக்கொடுத்து ஆறுதல் சொல்வது நமக்குத்தான் ஆறுதல், அதற்கு நாம் தின்ன வந்த ஆள். குஞ்சு குட்டி சில்லிட்டிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் வைக்கலாம். சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள மறுபாதி காலியாக இருக்கட்டும்.

எலி பிடிக்கிற கம் அட்டையில் பாம்புக் குட்டியோ குருவியோ ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். உடம்பு படாமல் மிச்சமிருக்கிற பசை மேல் மாவைத் தூவிவிட்டு, ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும். பாம்பு எது என்று அடையாளம் தெரியாவிட்டால் அட்டையோடு வாளிக்குள் வைத்து மூடிவிட்டு 101. மீன் வலையில் சிக்கிய சாரைக்கும் உடும்புக்கும் வலையைச் சுற்றிலும் வெட்டி, வலைத்துண்டோடே கொடுத்துவிடுங்கள். இறுகிய இடத்தை மருத்துவர் பார்த்து அறுக்கட்டும். தூண்டில் முள் தைத்த ஆமைக்கும் அதே கதைதான், நரம்பை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள்.

4. பால் ஊற்றாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு வைக்கக் காரணம், எனக்குத் தெரிந்து காயத்தில் செத்ததைவிடப் பாலில் செத்தது அதிகம். பறவைக்குப் பால் செரிக்காது. அணில், முயல் குட்டிக்குப் பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போய் நீர் வற்றிச் செத்துவிடும். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, நாம் ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். சோறு, பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் வேண்டாம். சில மணி நேரம் பட்டினி கிடப்பதால் பெரிய பறவை எதுவும் சாகாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்தவை. அடிபடாமல் நிமிர்ந்து உட்கார முடிந்தால் நிழலில் வைத்து, ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள், தானாகக் குடிக்கட்டும்.

5. 48 மணி நேரமும் தாள்களும்

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 39. காட்டு விலங்கு அரசின் சொத்து. அது எந்த வகையில் உங்கள் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். நல்லதுதானே செய்தோம் என்பது அப்புறம் எடுபடாது. மயில், உடும்பு, நட்சத்திர ஆமை போன்றவை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருந்ததாக வழக்கு வந்தால் 3 முதல் 7 வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கீழே உள்ளவை கையில் இருந்தால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

முதல் வேலை, விலங்கு கிடந்த இடத்திலேயே போட்டோவும் சின்ன வீடியோவும். பின்னால் வயலோ மைல்கல்லோ தெரிய வேண்டும். உடனே வனக்காப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷனோடு அனுப்பி, "இன்ன இடத்தில், இத்தனை மணிக்குக் கிடைத்தது, என் வீட்டில் பெட்டியில் வைத்திருக்கிறேன்" என்று எழுத்தில் போடுங்கள். போனில் பேசினால் மட்டும் போதாது, நேரத்துக்குச் சாட்சி அந்த மெசேஜ்தான். மாலை ஆறு மணிக்கு மேல் கிடைத்து, காலையில்தான் வருவோம் என்று அவர்கள் சொன்னாலும் இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது, ஒரு வெள்ளைத்தாள் மனு, வனச்சரகர் பெயருக்கு. உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர், தேதி, நேரம், கிராமம், முடிந்தால் சர்வே எண், என்ன விலங்கு, என்ன நிலைமை, என்ன முதலுதவி செய்தீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், சில இடத்தில் கேட்பார்கள். ஒப்படைக்கும்போது மகஜர், அதாவது நடந்ததைப் பதிவு செய்கிற தாள், எழுதினால் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "பிடித்த" என்று எழுதியிருந்தால் "மீட்ட" என்று மாற்றச் சொல்லுங்கள், சொன்னால் மாற்றிவிடுவார்கள். சட்டத்தில் பிடிப்பதும் வேட்டை என்ற கணக்கில்தான் வருகிறது, அதனால்தான் இந்த ஜாக்கிரதை.

6. மருத்துவரிடம் போகும்போது

ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சுற்றை உடைக்க வழி இருக்கிறது. வனக்காப்பாளரையோ வனவரையோ கூடவே வரச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால், "நீங்களே கொண்டு போங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவிட்டு, மருத்துவமனை வாசலில் நின்று அவரையும் மருத்துவரையும் போனில் பேசவிடுங்கள். மருத்துவருக்கு வேண்டியது பொறுப்பேற்க ஒரு அரசு ஆள், அவ்வளவுதான். பேச்சு முடிந்ததும் பெரும்பாலும் உடனே பார்ப்பார்கள்.

ஊர் கால்நடை மருந்தகத்தில் காயம் கழுவுவது, ஊசி, கட்டு இதெல்லாம் நடக்கும். மதியம் ஆள் இருக்க மாட்டார்கள், காலையில் சீக்கிரம் போங்கள். எலும்பு முறிவு, எக்ஸ்ரே என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நல்ல இடம். போகும்முன் போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சீட்டையும் மருந்துத் தாளையும் பத்திரமாக வையுங்கள், ஒப்படைக்கும்போது அதன் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த இடத்தில் அதே ஊசியை மறுபடி போடுவார்கள்.

எலும்பு வெளியே தெரிகிற மாதிரி றெக்கை முறிந்த பறவை திரும்பப் பறப்பது அபூர்வம். மருத்துவர் கருணைக்கொலை பற்றிப் பேசினால் சண்டை போடாதீர்கள், முடிவு வனத்துறையும் அவரும் எடுப்பது.

7. செலவு

வனத்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. அரசு கால்நடை மருந்தகத்திலும் அப்படித்தான், இருப்பில் இல்லாத மருந்தை மட்டும் வெளியே வாங்கச் சொல்வார்கள். காசு போவது பயணத்துக்கு. மயிலைப் பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டு போக முடியாது, ஆட்டோவோ காரோ வேண்டும், கிராமத்திலிருந்து டவுனுக்குப் போய்வர சில நூறு ரூபாய் ஆகிவிடும். பஸ்ஸில் ஏற்றினால் கூட்டம் கூடி, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பாம்பு பிடிக்கிறேன் என்று வந்து பெட்ரோல் காசு கேட்கிற தனி ஆட்களிடம் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குங்கள்.

8. கடி பட்டால்

குரங்கு, கீரி, மரநாய், நரி, வௌவால், காட்டுப்பூனை, எது கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம், கையில் போடுவது 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தாலே காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டு வாங்குங்கள். குட்டிதானே என்று விடக்கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து 108.

9. எந்த மாசத்தில் எது வரும்

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் தூர்வாருவார்கள். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் பால் ஆமைகளை ஜேசிபி வெளியே அள்ளிப் போடும். ஓடு உடையாதவற்றை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு அதே ஊரில் தண்ணீர் இருக்கிற குளத்தோரம் விட்டால் போதும். யாராவது குழம்புக்கு எடுத்துப் போகும்முன் செய்ய வேண்டும். ஓடு விரிசல் கண்டிருந்தால் தண்ணீரில் விடாமல் ஈரத்துணியில் வைத்து மருத்துவரிடம்.

அக்டோபரில் மழை தொடங்கினால் பாம்பு வீட்டுக்குள் வரும். நவம்பர், டிசம்பரில் புயல் வந்தால் கடல்பறவைகள் களைத்துப்போய் உள்ளூர் வயலில் விழும். 2018 நவம்பர் 16 கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கோடியக்கரையில் பறவைகளும் வெளிமான்களும் நிறைய செத்தன. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் சரணாலயங்களைச் சுற்றி வலசைப் பறவைகள் வருகிற இந்த மாதங்களில்தான் வலை போட்டுப் பிடிக்கிற கூட்டமும் வரும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடற்கரையில் பங்குனி ஆமை. உயிரோடு கரை ஒதுங்கினால் கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள், அது ஏதோ முடியாமல்தான் ஒதுங்கியிருக்கும். நிழல், ஓட்டின் மேல் ஈரத்துணி, மூக்கில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது, வனத்துறைக்குப் போன். முட்டையைத் தோண்டி எடுக்காமல் இடத்தை மட்டும் சொல்லுங்கள், பொரிப்பகத்துக்கு அவர்களே எடுத்துப் போவார்கள்.

10. நல்ல எண்ணத்தில் மாட்டிக்கொள்கிற இடங்கள்

ரோட்டோரம் மடையானையோ கொக்கையோ கட்டி வைத்து விற்பவரிடம் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு அவர் இரண்டு மடங்கு பிடிப்பார். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கையில் கிளி, தோளில் பாம்பு என்று இன்ஸ்டாகிராமில் போடும் படம் உங்களுக்கே எதிரான ஆதாரம். கிளி வளர்ப்பதும் குற்றம்தான், எல்லா வீட்டிலும் இருக்கிறதே என்றால் எல்லா வீட்டிலும் குற்றம்.

குணமானதும் நல்ல காடாகப் பார்த்து விடுகிறேன் என்று கோடியக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊர்தான் அதற்குத் தீனியும் துணையும் தெரிந்த இடம்.

செத்த மயிலையும் சும்மா புதைக்கக் கூடாது. பூச்சிமருந்து கலந்த நெல்லைத் தின்று மயில்கள் கூட்டமாகச் சாவது உண்டு, உடற்கூறு பரிசோதனை செய்தால்தான் காரணம் தெரியும். இறகைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவர்களைத் தடுத்துவிட்டு, உடலை நிழலில் மூடி வைத்து வனத்துறைக்குச் சொல்லியனுப்புங்கள். வெறும் கையால் தொட வேண்டாம்.

11. ஒப்படைத்த பிறகு

ஒரு வாரம் கழித்து வனக்காப்பாளரைக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்கிற ஆள் இருந்தால் கவனிப்பும் கொஞ்சம் கூடும். விடும்போது கிடைத்த இடத்துக்கே கொண்டுவந்து விடுங்கள் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது, இடம் காட்ட உங்களையே கூப்பிடுவார்கள். கூகை, ஆந்தை என்றால் பொழுது சாய்ந்த பின், மற்ற பறவைகள் என்றால் காலையில் விடச் சொல்லுங்கள்.

பதிலே வரவில்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, சீல் வாங்கிய பிரதியின் நகலை இணைத்து, பதிவுத் தபாலில். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சீல் வாங்காதவர்கள் எதை இணைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் ஐந்தாவது தலைப்பை இன்னொரு தரம் படித்துவிடுங்கள்.